வச்சுடறேன்... அப்புறம், ஒரு விஷயம்

எல்லார் போனிலும் இப்படி ஒரு பெயர் இருக்கும். இரவு எட்டரைக்கு அது திரையில் ஒளிர்ந்ததுமே வீட்டில் உள்ளவர்கள் நமக்காகக் காத்திராமல் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். அவரை மரியாதையாகப் புலம்பலார் என்றே அழைப்போம். கெட்டவர் இல்லை. கடன் கேட்க மாட்டார், ஜாமீன் கையெழுத்துக்கு வர மாட்டார். அவருக்கு வேண்டியதெல்லாம் நம் காது ஒன்றுதான். வலது காது சூடானால் இடது காதுக்கு மாற்றிக்கொள்ளலாம், அதில் அவருக்கு ஆட்சேபணை கிடையாது.

"சாப்டியாடா?" என்றுதான் தொடங்குவார். "இல்லடா, இப்பத்தான்..." என்று நாம் இழுப்பதற்குள், "சரி அத விடு, இன்னைக்கு ஆபீஸ்ல என்ன நடந்துச்சு தெரியுமா?" என்று மேனேஜர் உள்ளே நுழைந்துவிடுவார். மேனேஜர் போனதும் வாடகை பாக்கி வைத்திருக்கும் மாடி வீட்டுக்காரர். அவருக்குப் பின்னால், பாகப்பிரிவினையில் ஒன்றே கால் சென்ட் கூடுதலாக அமுக்கிக்கொண்ட தம்பி. இவர்களில் ஒருவரையும் நாம் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் மேனேஜருக்கு சர்க்கரை அளவு என்ன, மாடி வீட்டுக்காரர் எந்த மாதத்தில் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி.

யோசனை மட்டும் சொல்லிவிடக் கூடாது. "வேற வேலை தேடேன்டா" என்றால், "உனக்குப் புரியலடா" என்பார். "ஒரு வக்கீல பாரு" என்றாலும் அதே பதில். அவரைக் குறை சொல்ல முடியாது. பிரச்சினை தீர்ந்துவிட்டால் நாளைக்கு எதை வைத்துக்கொண்டு போன் போடுவார்?

இந்த இனம் புதிதல்ல, ஆனால் முன்பு அதற்கு ஒரு கடிவாளம் இருந்தது. எஸ்.டி.டி. பூத் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பேசியவர்களுக்குத் தெரியும். தலைக்கு மேலே மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடும், வெளியே அடுத்த ஆள் கதவைத் தட்டுவார். எவ்வளவு பெரிய துக்கமும் கையிலிருந்த சில்லறைக்குள் அடங்கியது. செல்போன் வந்த புதிதில் நிலைமை இன்னும் விசேஷம்: அழைப்பை எடுத்தவருக்கும் காசு போகும். 2003-ல் இன்கமிங் இலவசமாகும் வரை, அடுத்தவர் சோகத்தை நம் செலவில் கேட்டோம். அதனாலேயே சீக்கிரம் முடித்தோம். 2016-ல் ஜியோ வந்து பேச்சுக்குக் காசே இல்லை என்று ஆக்கியது. அதுவரை நட்புக்கு வேலி போட்டுக் காவல் காத்தது தொலைபேசிக் கட்டணம். அந்த வேலை இப்போது நம் தலையில் விழுந்திருக்கிறது, நமக்கோ அதில் துளியும் பழக்கமில்லை.

பழக்கமில்லாததால்தான் பொய் சொல்கிறோம். பால் பொங்குகிறது, சிக்னல் இல்லை, சார்ஜ் இல்லை. ஒரு நண்பர் வீட்டில் மனைவி எழுந்து போய்த் தன் வீட்டுக் காலிங் பெல்லைத் தானே அடிப்பார்.

"கூரியர்காரர் வந்திருக்கார்டா."

"போய் வாங்கிட்டு வாடா, நான் லைன்லயே இருக்கேன்."

போனை எடுக்கவில்லை என்றால் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வரும். ஒன்பது நிமிடம். நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். குரல் பதிவைக் கேட்டால் அதிலுள்ள மைக் படம் நீலமாகிவிடும், அதை அணைக்க வழியில்லை. 2021-லிருந்து வேகத்தைக் கூட்டிக் கேட்கும் வசதி உண்டு. இரண்டு மடங்கில் ஓட விட்டால் துக்கம் கிரிக்கெட் வர்ணனை போல ஓடும், விம்மல் விக்கலாகக் கேட்கும். ஆனால் நாலரை நிமிடம் நாலரை நிமிடம்தான்.

நம் பங்குக்குச் செய்ய வேண்டியது "ம்" கொட்டுவது. இதற்கு ஆள்கூடத் தேவையில்லை என்று 1966-லேயே தெரிந்துவிட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் 'எலிசா' என்றொரு கணினி நிரலை எழுதினார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அது வெறும் நிரல் என்று நன்றாகத் தெரிந்திருந்தும், அவருடைய செயலாளர் அதனுடன் பேசத் தொடங்கியதும் "கொஞ்சம் வெளியே இருக்கிறீர்களா" என்று அவரையே அறையை விட்டு அனுப்பினாராம். புலம்பலாருக்கும் அது போதும். ஆனால் அதற்கு வீட்டில் சாப்பாடு ஆறாது, நமக்கு ஆறும்.

இதில் பெரிய ஆபத்து, கட்சி சேர்வது. "ஆமாடா, உன் தம்பி சுயநலக்காரன்தான்" என்று ஒரு நாள் அசந்து சொல்லியிருப்போம். பொங்கலுக்கு அண்ணனும் தம்பியும் ஒரே பானையில் பொங்கல் வைத்துச் சாப்பிட்டுவிடுவார்கள். அப்புறம் ஒரு வாரம் புலம்பலார் குரலில் ஒரு விறைப்பு. "என் தம்பியப் பத்தி நீ அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா."

கேட்பதையே தொண்டாகச் செய்பவர்கள் இதில் விவரமானவர்கள். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தில் பயிற்சி பெற்ற தொண்டர்கள் முறைவைத்து உட்காருகிறார்கள், முறை முடிந்தால் வீட்டுக்குப் போகிறார்கள். பயிற்சி இல்லாத நமக்கு மட்டும் எப்போதும் டியூட்டி. ஒன்று மட்டும் சொல்லிவிட வேண்டும்: பேச்சில் "வாழவே பிடிக்கல" என்ற தொனி வந்தால் கணக்கு வேறு. அப்போது கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. இருபத்து நாலு மணி நேரமும் இயங்கும் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, நாமே கூட இருந்து போட்டுக் கொடுக்கலாம். நம் புலம்பலார் அந்த ரகம் இல்லை. கொட்டித் தீர்த்ததும் "நல்லா பசிக்குதுடா" என்று போய்த் தோசை சாப்பிட்டுத் தூங்கிவிடுவார். அவர் தம்பியின் ஒன்றே கால் சென்ட்டை நினைத்து விழித்துக் கிடப்பது நாம்தான்.

ஆகவே, காலிங் பெல்லை விட்டுவிடுங்கள். அடுத்த முறை "சாப்டியாடா?" என்று கேட்டதும், "இன்னும் இல்லடா, பத்து நிமிஷம் இருக்கு, சொல்லு" என்று முதலிலேயே சொல்லிப் பாருங்கள். பத்தாவது நிமிடம் "வைக்கிறேன்டா" என்று வைத்துவிடுங்கள். கோபித்துக்கொள்வாரோ என்று பயப்பட வேண்டாம். அவர் போனில் இன்னும் நாலு நம்பர் இருக்கிறது.