மேடைக்குப் பின்னால் ஒரு கூட்டணி

2024 அக்டோபர் 27 அன்று விக்கிரவாண்டி வி.சாலையில் தமிழக வெற்றிக் கழகத்தின் முதல் மாநில மாநாடு நடந்தது. அத்தனை பெரிய திடல்களில் கடைசி வரிசைக்காரருக்குத் தலைவர் என்பவர் எல்இடி திரைதான். எந்தக் கேமரா எந்தத் திரைக்குப் போகும் என்பதை முடிவு செய்யும் மேட்ரிக்ஸ் சுவிட்சருக்கு எந்தக் கட்சியும் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை. திரை கறுத்தால் மட்டும் திடலே ஆபரேட்டர் பக்கம் திரும்பும்.

கார்டு கார்டாகச் செருகும் பெட்டி அந்தச் சுவிட்சர். ஒவ்வொரு திரையும் தன்னால் எவ்வளவு ரெசல்யூஷன் தாங்கும் என்பதை ஈடிஐடி மூலம் சொல்லும். பத்தில் ஒரு திரை 720 என்றால், பொதுவான அளவைத் தேடும் பெட்டி மற்ற ஒன்பதையும் 720க்கு இறக்கிவிடும். தொகுதிப் பங்கீட்டில் எந்தச் சிறிய கட்சிக்கும் இத்தனை செல்வாக்கு கிடையாது! ஆகவே விவரமான ஆபரேட்டர் ஈடிஐடியைத் தானே எழுதிப் பூட்டிவிடுவார்.

லேப்டாப் வீடியோ எச்டிசிபி என்ற நகல் தடுப்புப் பூட்டோடு வந்தால் பழைய திரை கறுத்துவிடலாம். உடனே வெள்ளை வேட்டி ஒருவர் ஓடி வருவார்: "தம்பி, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுப்பா!"

எரிச்சல் என்னவென்றால், பல சமயம் படம் வந்துவிடும். பெட்டியும் திரையும் முதலிலிருந்து பேசத் தொடங்குவதுதான் காரணம். பெயர் என்னவோ வேட்டிக்காரருக்குத்தான்.