விரல் பத்தும் சௌக்கியம்

திங்வெட்லிர், ஐஸ்லாந்து

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

மரக்காணத்தில் உப்பு வாருகிற சீசன் களைகட்டியிருக்கும். பாத்தியில் வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று தம்பி போனில் புலம்பினான். அந்த வெயிலில் கொஞ்சம் பார்சல் கட்டி இங்கே அனுப்பச் சொல்லுங்கள்.

ஆரோவில் வெள்ளைக்காரர்கள் வியர்த்து விறுவிறுத்து டிவிஎஸ் 50 ஓட்டுவதைப் பார்த்துச் சிரிப்போமே, அதையெல்லாம் இங்கே என்னைப் பார்த்து வட்டியோடு வசூலிக்கிறார்கள். நான் டைவிங் வழிகாட்டியாக வேலை பார்க்கும் சில்ஃப்ரா, வட அமெரிக்கக் கண்டத்தட்டும் யூரேசியத் தட்டும் விலகுகிற இடத்தில் பூமி விட்ட வெடிப்பு. பனியாறு உருகி, எரிமலைப் பாறைக்குள் பல பத்தாண்டுகள் ஊர்ந்து, வடிகட்டி வரும் தண்ணீர். முங்கியபடியே குடிக்கலாம், உப்பு கிடையாது, உங்கள் தொழிலுக்கு ஆகாது. வருஷம் முழுக்க 2 முதல் 4 டிகிரிதான். புதுச்சேரிக் கடலில் பனியனோடு குதித்தவன் நான்!

உடம்புக்குக் கவலையில்லை. உள்ளே கம்பளி, மேலே தண்ணீர் புகாத டிரை சூட். தகராறெல்லாம் கையில்தான். நியோப்ரீன் கையுறைக்குள் தண்ணீர் புகுந்துவிடும். அதை நம் கையே சூடாக்கிக்கொள்ள வேண்டும். குளிரில் நடுங்குகிறவனிடமே விறகு கேட்கிற கதை. அதனால் இறங்கும் முன் பிளாஸ்க்கைத் திறந்து வெந்நீரைக் கையுறைக்குள் ஊற்றிக்கொள்வேன். காபி என்று நினைத்து ஒரு ஜெர்மன்காரர் கோப்பையை நீட்டினார்.

வசதி உள்ளவர்கள் மணிக்கட்டில் வளையம் பூட்டிய உலர் கையுறை போடுவார்கள். உள்ளே கம்பளி உறை. மணிக்கட்டு ரப்பருக்கு அடியில் சின்னக் குழாய் ஒன்றைச் செருகினால் டிரை சூட்டுக்குள் இருக்கும் காற்று கைக்கும் வரும். இல்லையென்றால் ஆழத்தில் கையுறை விரலை நெரிக்கும். ஆனால் முள் குத்திய ஓட்டை ஒன்று போதும், அத்தனையும் ஈரம்.

எதைப் போட்டாலும் வயிறும் நெஞ்சும் குளிர்ந்தால் போச்சு. உயிரைக் காக்க உடம்பு முதலில் கைக்குப் போகிற ரத்தத்தைத்தான் குறைக்கும். ஆகவே கையைக் காக்க நான் தலைக்குத் தடித்த குல்லாய் போடுகிறேன், தண்ணீரில் கையைத் துழாவாமல் கட்டிக்கொண்டு மிதக்கிறேன். விரல் மரத்தால் டிரை சூட்டின் வால்வு பொத்தானை அழுத்த வராது, உடனே கரைதான். கரையேறியதும் கொதிக்கிற நீரில் கையை விடக்கூடாது, மரத்த தோலுக்குச் சூடு உறைக்காமல் வெந்துபோகும். அக்குளில் வைத்துக்கொள்வதே உத்தமம். பார்க்கத்தான் நன்றாக இராது.

சித்தியிடம் சொல்லுங்கள், பருத்திக் கையுறை இனித் தைக்க வேண்டாம். வியர்வையைக் குடித்துக்கொண்டு கையை இன்னும் குளிர வைக்கிறது. ஆசையாக அனுப்பியது, அடுப்படியில் பாத்திரம் பிடிக்க உதவுகிறது.

தம்பி இங்கே வேலைக்கு வருவதாக இருந்தால் பீடியை அங்கேயே விட்டுவிட்டு வரட்டும். புகை ரத்தக்குழாயைச் சுருக்கும். இந்தத் தண்ணீரில் முதல் நாளே விரல் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்