செல்லப்பிராணி வைத்தியமும் செலவுத் திட்டமும்

கால்நடை மருத்துவரை, நாய் நன்றாக இருக்கும்போதே தேடி வைத்துக்கொள்ள வேண்டும். நடைமுறையில் அவர் ஞாயிறு இரவு பத்து மணிக்கு மேல்தான் தேடப்படுகிறார். நாய்களுக்கு வாந்தி தொடங்குவதும் அப்போதுதான். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் உதவி கேட்டால் பலர் கைகூப்புவார்கள். ஒருவர் மஞ்சள் பூசச் சொல்வார். வாந்திக்கு மஞ்சளை எங்கே பூசுவது என்று மட்டும் சொல்லமாட்டார்.

மருத்துவரிடம் முதலில் பார்க்க வேண்டியது பட்டமும் கால்நடை மருத்துவ கவுன்சில் பதிவும். அது ஐந்தரை ஆண்டுப் படிப்பு. நாய் பிஸ்கட் விற்கும் கடைக்காரர், “ஊசிதானே சார், நானே போட்டுடறேன்” என்பது அதற்கு ஈடாகாது. அடுத்தது தூரம். அதற்கும் அடுத்தது, இரவில் போனை எடுப்பாரா என்பது. சென்னையில், 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கி வேப்பேரிக்கு இடம்பெயர்ந்த கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உண்டு. கட்டணம் குறைவு, கூட்டம் அதிகம்.

செலவுத் திட்டத்துக்குப் போகுமுன் காத்திருப்புக் கூடத்தின் நடைமுறைகளை அறிவது அவசியம். அங்கே மனிதர்களுக்குப் பெயர் கிடையாது. அரசு அலுவலகம் ஒன்றையே ஆட்டிப்படைத்து ஓய்வு பெற்றவர் “ஜூலி அப்பா” ஆகிவிடுவார். பெற்ற பிள்ளைகள் அவரை அத்தனை முறை அப்பா என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். சீட்டில் “ஜூலி ராமச்சந்திரன், பெண், வயது 4” என்று அச்சாகும். டோக்கன் கொடுத்திருந்தாலும் “டைகர் தாத்தா வந்தாச்சா?” என்றுதான் குரல் வரும். டைகர் பெஞ்சுக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருக்கும். ஒரே பெயரில் இரண்டு நாய்கள் வந்துவிட்டால் நிலைமை மோசம். “எந்த பிரௌனி? உண்ணி பிரௌனியா, பேதி பிரௌனியா?” என்று கேட்பார்கள். பட்டுப்புடவையில் வந்த பெண்மணி அத்தனை பேர் நடுவில் “பேதி” என்று கைதூக்க வேண்டும். உள்ளே போனாலும் விடுதலையில்லை. “அப்பா வாயை இறுக்கிப் பிடிங்க” என்பார் மருத்துவர். மருமகள், நாயின் வாயையா மாமனார் வாயையா என்று ஒரு கணம் நம்பிக்கையோடு யோசிப்பாள். பூனைக்காரர்களுக்கு இந்த மரியாதைகூட இல்லை. அவர்கள் “அந்தக் கூடை”.

இனி செலவு. குட்டியின் விலை முன்பணம் மாதிரி. ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசி தொடங்கும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். குடற்புழு மருந்து, உண்ணி மருந்து, கருத்தடை அறுவை எல்லாம் தனி. 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு வெறிநோய்த் தடுப்பு மருந்து செலுத்தத் தொடங்கினார். அந்த நாளையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச ஊசி முகாம்கள் நடக்கும். அங்கே வரிசையில் பெரிய கார்களையும் காணலாம்.

கைவைத்தியத்தால் பணம் மிச்சமாகாது. மனிதர் விழுங்கும் பாரசிட்டமால் பூனையைக் கொல்லும். சாக்லேட்டும் திராட்சையும் நாய்க்கு நஞ்சு. காப்பீடு எடுக்கலாம், ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பொதுவாக அது உதவாது. மாதந்தோறும் ஒரு தொகையைத் தனியே எடுத்து வைப்பதே சரியான திட்டம். பெரும்பாலான குடும்பங்களில் திட்டமிடல் என்பது, பில்லில் பாதித் தொகையை மட்டும் வீட்டில் சொல்வதோடு முடிகிறது.