ஈயம் படுத்தும் பாடு

"காய்ச்சிய ஈயத்தைக் காதில் ஊற்றியதுபோல் இருந்தது" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். காய்ச்சி ஊற்றுவது எத்தனை பெரிய வித்தை என்று டெக்சாஸில் என் பக்கத்து வீட்டுப் பெரியவரின் கராஜில்தான் பார்த்தேன். குறிபார்த்துச் சுடுவது அவருடைய பொழுதுபோக்கு. கடை விலை கட்டுப்படியாகவில்லை என்று ஈயக் குண்டுகளைத் தானே வார்க்கிறார்.

ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். மனிதர் உருகத் தொடங்குவது அதற்கப்புறம்தான். மின்சார உலையின் அடியில் ஒரு துவாரம். மேலிருந்து இறங்கும் கம்பி அதை அடைத்திருக்கும். கைப்பிடியைத் தூக்கினால் ஈயம் அச்சுக்குள் இறங்க வேண்டும், விட்டால் நிற்க வேண்டும். இது ஏட்டில் உள்ளது. நிஜத்தில் தூக்கினால் வராது. விட்டால் சொட்டிக்கொண்டே இருக்கும். நுனியில் கசடு என்று ஸ்க்ரூடிரைவரால் கம்பியைத் திருகுவார். சொட்டுவது நிற்கும், ஈயம் வருவதும் சேர்ந்தே நிற்கும். கடைசியில் அடியில் ஒரு காலி மீன் டப்பாவை வைத்துவிட்டு, "ரிப்பேர் முடிந்தது" என்றார்.

ஊற்றிவிட்டால் மட்டும் தீர்ந்ததா? அச்சு சூடேறாவிட்டால் குண்டு தொண்ணூறு வயதுப் பாட்டியின் கன்னம்போல் சுருங்கி விழும். சூடு மிஞ்சினால் மேலெல்லாம் வெள்ளை பூக்கும். அச்சின் இரு பாதிக்கும் நடுவே துளி ஈயம் ஒட்டியிருந்தால் பக்கவாட்டில் செதில் முளைக்கும். எல்லாம் கூடிவந்து குண்டு பளபளவென்று விழ ஆரம்பிக்கும்போது உலையில் சரக்கு தீர்ந்திருக்கும். புதுக்கட்டி போட்டால் உலை ஆறிவிடும், மறுபடியும் பாட்டி.

சரக்கு எதுவென்றால், கார் சக்கரங்களில் எடை சமப்படுத்த மாட்டும் பழைய கட்டிகள். கலிபோர்னியா 2010இல் ஈயக் கட்டிகளுக்குத் தடை போட்டது. வேறு சில மாநிலங்களும் போட்டன. அதனால் அவர் பழைய கட்டிகளை வாங்கிவரும் வாளியில், ஈயத்துக்குப் பதிலாக வந்த துத்தநாகமும் கலந்து வருகிறது. அது உருக 419 டிகிரி வேண்டும். பொறுமையாக இருந்தால் உருகாமல் மேலே மிதக்கும். கரண்டியால் அள்ளி எறியலாம். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் உள்ளே கரைந்து உலை முழுவதையும் கெடுத்துவிடும்.

உருகிய ஈயத்துக்கு அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் அகப்பட்டாலும் ஆவியாகி வெடித்துச் சிதறும். ஆகவே கராஜில் விருந்தாளிக்குக் காபிகூடக் கிடையாது.

"ஒரு குண்டுக்கு என்ன செலவாகிறது?" என்று கேட்டேன்.

"உலை, அச்சு, கையுறை, மின்விசிறி இதையெல்லாம் சேர்க்காவிட்டால் ஏறக்குறைய இலவசம்" என்றார்.

வாசற்படியில் நின்ற அவர் மனைவி, "சேர்த்தால் வெள்ளியிலேயே வார்த்திருக்கலாம்" என்றார்.