வால் நீண்ட எழுத்துகள்
கையால் எழுதச் சோம்பல். ஆனால் கையால் எழுதியதுபோல இருக்க வேண்டும். இந்தப் பேராசைக்குப் பிறந்ததுதான் ஸ்கிரிப்ட் எழுத்துரு. ஜெர்மனியின் ஹெர்மன் ஸாஃப் 1944இல் குறிப்பேட்டில் வரைந்தது, 1998இல் ஸாஃபினோ என்ற ஸ்கிரிப்ட் எழுத்துருவாகக் கணினிக்கு வந்தது. நிஜக் கை ஒரே எழுத்தை இருமுறை ஒன்றுபோல எழுதாதே என்று, ஒவ்வொன்றுக்கும் பல வடிவங்கள் செய்துவைத்தார் மனிதர். நம் கல்யாணப் பத்திரிகைக்காரர்களோ இத்தகைய எழுத்துருவில் மணமக்கள் பெயரை முழுக்க ஆங்கிலக் கேப்பிடலிலேயே அடிக்கிறார்கள். வால்கள் பின்னிக்கொண்டு, மாப்பிள்ளை எது, பெண் எது என்று தெரியாது. (பட்டங்கள் மட்டும் பளிச்சென்று தெரியும், அதற்கு வேறு எழுத்துரு.) மண்டபத்துக்கு வழியையும் இதே வால் எழுத்தில் போடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு வரவேண்டிய மொய், வழி தெரியாத விருந்தாளிகளின் சட்டைப்பையில் பத்திரமாக இருக்கிறது.