சீசன் வேனும் பெருவிரலும்: குற்றாலக் குத்துப்பாட்டு குறித்த ஒரு முன்னோடி ஆய்வு

திரிகூடமலையின் மூலிகைகளுக்குப் பட்டியல் உண்டு. பேரருவித் தண்ணீர் பொங்குமாங்கடலில் விழுந்து, வேகம் தணிந்து, பிறகு நம் தலையில் இறங்குவதற்கு விளக்கம் உண்டு. ஆனால் சாரல் தொடங்கியதும் குற்றாலத்துக்கு வரிசை கட்டி வரும் சுற்றுலா வேன்களில் என்ன பாட்டு ஓடுகிறது, அதற்கு யார் எந்த உறுப்பால் ஆடுகிறார்கள் என்று அறிவுலகம் இதுவரை கேட்டதில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை. ஆய்வாளர் தென்காசிக்காரர், குத்துப்பாட்டு காதில் விழுந்தால் உடம்பு சொன்ன பேச்சு கேட்காதவர். ஆகவே 'பங்கேற்று உற்றுநோக்கல்' என்னும் முறை கைக்கொள்ளப்பட்டது. அதாவது, நானும் ஆடினேன்.

ஆய்வு எல்லை வருமாறு. ஒரு முனை தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுரவாசல். அங்கே வீசும் காற்றில் வேட்டியைப் பிடிப்பதே பெரும்பாடு, குறிப்பேட்டைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். மறுமுனை பிரானூர் பார்டர். அங்கே இலையில் பரோட்டா விழுந்த பின் எவரும் ஆடியதாகத் தரவு இல்லை.

பாட்டு வரிசையில் மூன்று கட்டங்கள் தெளிவாகத் தெரிகின்றன. வேன் கிளம்பும்போது பக்திக் கட்டம். வெயில் ஏறியதும் தூக்கக் கட்டம். மலை கண்ணில் பட்டதும் குத்துக் கட்டம். நம் பக்கத்துக் கோயில் கொடைகளில் ரேடியோ செட்காரர் வைக்கும் வரிசையும் ஏறத்தாழ இதுதான். மூன்றுக்கும் பதிப்பாசிரியர் ஓட்டுநர் (ஓட்டுநர், வாய்மொழி, பழைய குற்றாலம்). பயணிகள் கேட்ட பாட்டைப் போடுவதில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார் (அதே ஓட்டுநர், பரோட்டாவுக்கு முன்). கேட்டால் போடுவேன் என்றும் சொன்னார் (அதே ஓட்டுநர், பரோட்டாவுக்குப் பின்).

இனி, ஆடுவோர் ஐவகை. ஐந்தருவி இருக்கிற ஊர் என்பதால் ஐந்து என்று வைத்துக்கொண்டோம். ஆய்வுலகில் புகழ்பெற்ற பல வகைப்பாடுகளுக்கு இந்த அளவு காரணம்கூடக் கிடையாது.

முதல் வகை, துண்டு சுழற்றுவோர். தள்ளி நிற்கவும். இரண்டாம் வகை, கைலியை மடித்துக் கட்டி ஆடுவோர். முடிச்சின் உறுதியைப் பொறுத்து ஆட்டத்தின் நீளம் அமைகிறது. மூன்றாம் வகையினர் ஆடுவதில்லை. பிறர் ஆடியதற்குக் கைபேசியில் சான்று சேர்க்கிறார்கள். இவர்கள் வரலாற்றுத் துறைக்கு மாற்றப்பட்டார்கள். நான்காம் வகை, தடைக்காலத்தார். மலையில் மழை கொட்டி அருவியில் வெள்ளம் ஏறினால் போலீசார் குளிக்கத் தடை போடுவார்கள். அவ்வளவு தூரம் வந்துவிட்டு அருவியைத் தள்ளி நின்று பார்ப்பதோடு திரும்ப முடியுமா? வேன் நிறுத்துமிடத்திலேயே பாட்டைப் போட்டு ஆடித் தீர்க்கிறார்கள். குளிக்க வந்தவர்கள் வியர்வையில் குளித்து ஊர் போகிறார்கள்.

ஐந்தாம் வகையே இக்கட்டுரையின் உயிர். இவர்களைப் பெருவிரலார் என்று அழைப்போம்.

பெருவிரலார் பெரும்பாலும் பெரியப்பாக்கள், சிறுபான்மையாக மாமாக்கள். எல்லோரும் இறங்கி ஆட, இவர்கள் மட்டும் வேனுக்குள் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள். "வாங்க பெரியப்பா" என்றால், "நீங்க ஆடுங்கடே, நமக்கு அதெல்லாம் ஆகாது" என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். முகத்தில் அசைவில்லை, தோளிலும் இல்லை. ஆய்வாளர் குனிந்தார். செருப்புக்குள் வலது கால் பெருவிரல் ஆடிக்கொண்டிருந்தது.

சாதாரண ஆட்டம் அல்ல. குத்துப்பாட்டின் தாளம் பெரும்பாலும் திஸ்ர நடை. அடிக்கு மூன்றாகப் பிரிந்து துள்ளும். வெளியே துண்டு சுழற்றியவர்களில் பலர் அந்த மூன்றில் ஒன்றைத் தவறவிட்டார்கள். பெருவிரல் தவறவிடவில்லை. அதில் தலைமுறை வேறுபாடும் உண்டு. நையாண்டி மேளத்தில் தவிலும் பம்பையும் கேட்டு வளர்ந்து, 1989-ல் 'கரகாட்டக்காரன்' பார்த்தவர்களின் விரல் நின்று நிதானமாகத் தட்டுகிறது. 2003-ல் 'திருடா திருடி' படத்தின் 'மன்மத ராசா'வுக்குப் பழகிய விரலுக்கு அவசரம் அதிகம். 2008-க்குப் பிந்திய 'நாக்க முக்க' மரபில் பக்கத்து விரலும் துணைக்கு வருகிறது. இது தனி இயக்கமா, பெருவிரலின் தூண்டுதலா என்பதில் ஆய்வாளருக்கும் ஆய்வாளருக்குமே கருத்து வேறுபாடு உண்டு.

முதன்மைச் சான்று: பெரியப்பாவின் வலது செருப்பு, உட்புறம், பெருவிரல் பள்ளம் (மூலப்படி, வேன் படிக்கட்டில், சாரலில் நனைந்த நிலையில், இடது செருப்பைக் குரங்கு கொண்டுபோய்விட்டதால் ஒப்பீட்டுப் பதிப்புக்கு வழியில்லை, குரங்கு, ஆலமரத்தின் மூன்றாம் கிளையிலிருந்து, கருத்துக் கூற மறுத்தது).

சாரல் குளிரில் விரல் நடுங்குகிறது, அவ்வளவுதான் என்று மறுப்போர் உண்டு. நடுக்கத்துக்குத் தாளம் கிடையாது. மேலும், ஓட்டுநர் பாட்டை நிறுத்தியதும் விரல் நின்றது, சாரல் நிற்கவில்லை.

ஒரு விரல் அசைந்தால் ஆடலா என்று அடுத்து கேட்பார்கள். நடராசர் ஆடும் ஐந்து சபைகளில் சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருநெல்வேலி தாமிரம், திருவாலங்காடு இரத்தினம். குற்றாலத்துக்கு வாய்த்தது சித்திர சபை. இங்கே ஆடுகிறவர் சுவரில் தீட்டிய ஓவியம். ஓவியம் அசைவதில்லை, ஆனாலும் அவர் ஆடுகிறார் என்றுதான் ஊர் கும்பிடுகிறது. துளியும் அசையாத ஆடலை ஏற்றுக்கொண்ட ஊர், ஒரு விரல் அசைகிற ஆடலைத் தள்ளிவைப்பது தருக்கத்துக்கு ஒவ்வாது.

குத்துப்பாட்டு கலையே அல்ல, கூச்சல் என்பது மூத்த மறுப்பு. பக்கத்து மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் எழுதிய குற்றாலக் குறவஞ்சியில் பந்தடித்து ஆடுகிற பெண் இருக்கிறாள், குறி சொல்லிப் பரிசு வாங்குகிற குறத்தி இருக்கிறாள், பறவை பிடிக்க வந்தவன் பெண்டாட்டியைக் காணோம் என்று ஊர் ஊராகத் தேடுகிறான், கண்டதும் அவள் மேல் போட்ட நகை ஏது என்று சண்டை பிடிக்கிறான். சிந்தும் கண்ணியும் துள்ளுகின்றன. 1944-ல் ருக்மிணி தேவி அருண்டேல் அதை நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். இன்று அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆடப் பிறந்த அந்த நூலுக்கு நடக்கும் கருத்தரங்குகளில் ஆடுவது மின்விசிறி ஒன்றுதான். ஒரு பாட்டுக்குப் பதவுரை எழுதி முடித்த பிறகே அதைக் கலை என்று ஒப்புக்கொள்வது ஆய்வுலக மரபு. 'மன்மத ராசா'வுக்குப் பதவுரை இன்னும் வரவில்லை. அது ஒன்றே அதன் குறை.

குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. (1882–1954) இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தவர். கம்பன் பாட்டுகளில் தமக்குச் சுவைக்காதவற்றை இடைச்செருகல் என்று ஒதுக்கினார். பண்டிதர்கள் ஏட்டுச் சான்று கேட்டார்கள்; அவர் காதைச் சான்றாகக் காட்டினார். பாட்டைச் சொல்லிச் சொல்லி ரசித்த அந்த மனிதரின் கால்விரலை அப்போது ஒருவரும் குனிந்து பார்த்துக் குறித்துவைக்காதது தமிழ் ஆய்வுக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு.

இத்துறைக்கு வரவிருக்கும் இளம் ஆய்வாளர்களுக்குச் சில வேண்டுகோள்கள். இந்திய ஒலி மாசு விதிகள், 2000, இரவு 10 முதல் காலை 6 மணி வரை பொது வெளியில் ஒலிபெருக்கிக்கு இடம் தருவதில்லை; களப்பணியை இரவு 10-க்குள் முடித்துக்கொள்ளுங்கள். வினாநிரல் கொண்டுபோகாதீர்கள். பெரியப்பாவிடம் நேரே கேட்டால் காலை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொள்வார். ஓட்டுநருக்கு ஒரு டீ வாங்கிக்கொடுங்கள், பாட்டைப் போடச் சொல்லுங்கள், பேனா தவறி விழுந்ததுபோல் குனியுங்கள்.