கோவணம் இல்லாத நாகரிகம்

மேலை நாகரிகத்துக்கு அப்பா ஏதென்ஸ், அம்மா எருசலேம் என்று பேராசிரியர்கள் கண்களில் நீர் மல்கச் சொல்வார்கள். பெண் பார்க்கும் படலத்திலேயே வெட்டுக்குத்து நடந்ததை மட்டும் சாமர்த்தியமாக விட்டுவிடுவார்கள்.

கி.மு. 175. எருசலேம் ஆலயத்தின் தலைமைக் குரு ஓனியா. அண்ணன் எப்போது சாவான், திண்ணை எப்போது காலியாகும் என்று காத்திருக்கும் பொறுமைகூடத் தம்பிக்கு இல்லை. யோசுவா என்ற பெயரைக் கிரேக்கப் பாணியில் யாசோன் என்று மாற்றிக்கொண்டு, சிரியாவை ஆண்ட நான்காம் அந்தியோக்கஸிடம் போய் நின்றார். பதவிக்கு 360 தாலந்து வெள்ளி, மேற்கொண்டு 80. எருசலேமில் கிரேக்க உடற்பயிற்சிக் கூடம் கட்ட அனுமதித்தால் இன்னொரு 150. அரசனுக்கோ ரோமாபுரிக்கு அப்பா வைத்துவிட்டுப் போன கடன் கழுத்தை நெரித்தது. கடவுளின் ஆலயம் கைமாறியது.

கோட்டைக்கு அடியிலேயே கூடம் எழும்பியது. சிக்கல் என்னவென்றால், கிரேக்கர்கள் உடற்பயிற்சி செய்வது பிறந்தமேனியாக. கோவணம்கூடக் கிடையாது. ஆபிரகாமின் உடன்படிக்கையை எட்டாம் நாளே உடம்பில் ஏற்றுக்கொண்ட யூத வாலிபன் அங்கே போய் நின்றால், யார் வீட்டுப் பிள்ளை என்று எவரும் கேட்க வேண்டியதில்லை. நிர்வாணத்திலும் கிரேக்கனாகத் தெரிய வேண்டுமே என்று சிலர் விருத்தசேதனத்தின் அடையாளத்தையே மறைத்துக்கொண்டார்களாம். மயக்க மருந்து வர இன்னும் இரண்டாயிரம் ஆண்டு இருந்தது. நாகரிக மோகம் எதையெல்லாம் தாங்க வைக்கிறது, பாருங்கள். குருமார்களோ வட்டெறிய அழைப்பு வந்ததும் பலிபீடத்தை அம்போவென விட்டுவிட்டு மைதானத்துக்கு ஓடினார்கள் என்கிறது மக்கபேயர் இரண்டாம் நூல். எதிர்க்கட்சிக்காரர் எழுதியது, மசாலா கொஞ்சம் தூக்கலாக இருக்கலாம்.

மூன்று ஆண்டுகள் கழித்து, கப்பப் பணத்தைக் கட்டிவிட்டு வா என்று மெனலா என்பவரை அனுப்பினார் யாசோன். அவர் அரசனிடம் 300 தாலந்து கூடுதலாகச் சொல்லிப் பதவியைத் தன் பெயருக்கே முடித்துக்கொண்டு வந்தார். யாசோன் யோர்தானைத் தாண்டி ஓட்டம்.

அந்தியோக்கஸ் தன் நாணயங்களில் தன்னைக் கடவுள் என்றே பொறித்துக்கொண்ட ஆசாமி. கி.மு. 168-இல் எகிப்தைப் பிடிக்கப் போனார். கைகுலுக்க வந்த கடவுளிடம் ரோமத் தூதர் பொப்பிலியஸ் கடிதத்தை நீட்டினார்: படையோடு ஊர் போய்ச் சேர். யோசித்துச் சொல்கிறேன் என்றார் கடவுள். தூதர் கையிலிருந்த கோலால் அவரைச் சுற்றி மணலில் ஒரு வட்டம் போட்டு, இதைத் தாண்டுவதற்குள் பதில் வரட்டும் என்றார். வந்தது.

ரோமனிடம் பட்ட அவமானத்துக்கு எருசலேம் மாட்டியது. மறு ஆண்டே ஓய்வுநாளுக்குத் தடை, விருத்தசேதனத்துக்கு மரண தண்டனை, ஆலயத்துக்குள் சீயஸ். மோதின் என்ற சிற்றூருக்கு அரசு அதிகாரி வந்து பலியிடச் சொன்னார். சரி என்று முன்வந்த யூதனையும் அதிகாரியையும் சேர்த்தே வெட்டிப் போட்டுவிட்டு, மத்தத்தியா என்ற கிழட்டுக் குரு ஐந்து மகன்களோடு மலையேறினார். ஓய்வுநாளைக் காப்பாற்ற ஓய்வுநாளில் வாளெடுக்கலாம் என்று தீர்ப்பும் சொன்னார். கி.மு. 164-இல் அவர் மகன் யூதா ஆலயத்தை மீட்டுத் தூய்மை செய்தார். ஹனுக்கா விளக்குகள் இன்றும் அதற்காகத்தான் எரிகின்றன.

கிரேக்கத்தை விரட்டிய அந்தக் குடும்பம் அப்புறம் அரச குடும்பமாயிற்று. மத்தத்தியாவின் கொள்ளுப்பேரன் பெயர் அரிஸ்டோபுலஸ். சுத்தமான கிரேக்கப் பெயர். 'கிரேக்க நேசன்' என்ற பட்டம் வேறு. பெற்ற தாயைச் சிறையில் பட்டினி போட்டுக் கொன்றவர். அடுத்து வந்த தம்பி அலெக்சாண்டர் தன் நாணயத்தில் கிரேக்க எழுத்தையும் அச்சடித்தார்.

இவர்களுடைய வீரத்தைப் பாடும் மக்கபேயர் முதல் நூல் எபிரேயத்தில்தான் எழுதப்பட்டது. அந்த மூலம் தொலைந்துவிட்டது. நமக்குக் கிடைத்திருப்பது கிரேக்க மொழிபெயர்ப்பு.